ஆனஸ்ட் ஜான் மாதிரி ராக்கெட்: மூக்கை எப்படிச் செய்வது?

கேள்வி இதுதான்: "எஸ்டெஸ் நிறுவனத்தின் மாதிரி ராக்கெட் கிட்கள் சிலவற்றைக் கட்டிப் பறக்கவிட்டிருக்கிறேன். அடுத்து, அமெரிக்க ராணுவத்தின் ஆனஸ்ட் ஜான் ஏவுகணையை அளவு மாறாமல் சிறிதாக்கிச் செய்ய ஆசை. உடல்குழாய் கிடைக்கிறது, ஆனால் அந்தப் புடைத்த மூக்கு எங்கேயும் கிடைக்கவில்லை. நானே செய்ய முடியுமா? செய்தால் நேராகப் பறக்குமா?"

முடியும், நேராகவும் பறக்கும். ஆனால் மூக்கைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்காதீர்கள். ராணுவ ஏவுகணை மாதிரிகளில் மூக்கு வெறும் அலங்காரம் இல்லை. அதன் வடிவம் காற்றின் அழுத்தம் எங்கே குவியும் என்பதைத் தீர்மானிக்கிறது. அதன் எடை ராக்கெட்டின் ஈர்ப்பு மையத்தைத் தீர்மானிக்கிறது. இந்த இரண்டும் தெரியாமல் எந்த மோட்டார் போடுவது, எவ்வளவு பெரிய பாராசூட் வைப்பது என்று எதையும் முடிவு செய்ய முடியாது. அதனால் முதலில் மூக்கு, அப்புறம்தான் மற்றதெல்லாம்.

செய்யப்போகும் பொருளைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். ஆனஸ்ட் ஜான் வழிகாட்டுதல் எதுவும் இல்லாத பீரங்கி ராக்கெட். குறிபார்த்து ஏவிவிட்டால் அது பாட்டுக்குப் போய் விழும். அமெரிக்காவின் அணு ஆயுதம் சுமக்கக்கூடிய தரையிலிருந்து தரைக்குப் பாயும் ராக்கெட்டுகளில் இதுதான் முதலாவது. டக்ளஸ் நிறுவனம் செய்தது, 1951-இல் நியூ மெக்சிகோவின் ஒயிட் சாண்ட்ஸ் தளத்தில் முதல் சோதனை நடந்தது. வழிகாட்டும் கருவி இல்லாததால் அதன் பாதையைச் சீராக வைக்க இரண்டு வழிகளை நம்பினார்கள். ஒன்று, பின்னால் இருக்கும் வால் இறக்கைகள். இன்னொன்று, ஏவுதண்டவாளத்தை விட்டு வெளியேறியதும் ராக்கெட்டைச் சுழலவைக்கும் சிறு சுழல் மோட்டார்கள். அவை வெடிமுனைப் பகுதிக்குச் சற்றுப் பின்னால் இருக்கும். மாதிரியில் அவற்றைப் பொம்மையாக ஒட்டினால் போதும்.

இதில் முக்கியமான இரண்டு வடிவங்கள் உண்டு. முதலில் வந்தது எம்31. நீளம் 8.31 மீட்டர், இறக்கை விரிவு 2.77 மீட்டர். அடுத்து வந்த எம்50 கொஞ்சம் குட்டை, 7.57 மீட்டர். ஆனால் அதன் இறக்கை விரிவு 1.42 மீட்டர்தான், ஏறக்குறையப் பாதி. இரண்டிலும் வெடிமுனையின் விட்டம் 76.2 சென்டிமீட்டர், அதற்குப் பின்னால் வரும் மோட்டார் உடலின் விட்டம் சுமார் 58 சென்டிமீட்டர். அதாவது தலை பெரிது, உடல் சிறிது. கடையில் மூக்கு கிடைக்காததற்குக் காரணமும் இதுதான். பொதுவாக விற்கப்படும் மூக்குகள் குழாயின் விட்டத்தோடு சமமாக முடியும். இதுவோ குழாயைவிடப் புடைத்து நின்று, பிறகு ஒடுங்கி வந்து குழாயோடு சேர வேண்டும்.

இதுதான் உங்கள் முதல் அளவு மாதிரி என்றால் எம்31-ஐச் செய்யுங்கள். எம்50 பார்க்கக் கச்சிதமாக, அழகாக இருக்கும்தான். ஆனால் அந்தச் சின்ன இறக்கைகளை வைத்துக்கொண்டு பெரிய தலையை நேராகப் பறக்கவைக்க மூக்கில் நிறைய எடை சேர்க்க வேண்டியிருக்கும். எம்31-இன் அகன்ற இறக்கைகள் பாதி வேலையைத் தாமே பார்த்துக்கொள்ளும்.

எந்த விகிதத்தில் செய்வது என்பதை முடிவு செய்யப்போவது நீங்கள் இல்லை, குழாய்தான். காகிதக் குழாய்கள் குறிப்பிட்ட சில விட்டங்களில்தான் விற்கின்றன. பிடி-80 என்ற குழாயின் வெளிவிட்டம் 66 மில்லிமீட்டர். நிஜ உடல் 580 மில்லிமீட்டர் என்று கொண்டால் விகிதம் 8.79-க்கு 1. இனி எல்லா அளவையும் 8.79-ஆல் வகுக்க வேண்டியதுதான். தலை விட்டம் 87 மில்லிமீட்டர், மொத்த நீளம் 945 மில்லிமீட்டர், இறக்கை விரிவு 315 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீள ராக்கெட், மேசைமேல் நிறுத்தினால் நல்ல கம்பீரமாக இருக்கும். விகிதம் 9, 10 என்று முழு எண்ணாக வரவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். போட்டிக்கே கொண்டுபோனாலும் நடுவர் பார்ப்பது எல்லா அளவும் ஒரே விகிதத்தில் சுருங்கியிருக்கிறதா என்பதைத்தான்.

அளவுகளைச் சேகரிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஆனஸ்ட் ஜான் பல ஆண்டுகள், பல நாட்டு ராணுவங்களில் இருந்த ஆயுதம். ஒரு வரைபடத்தில் எம்31-இன் இறக்கை, இன்னொரு புகைப்படத்தில் எம்50-இன் தலை, மூன்றாவது இடத்தில் பார்த்த பெயின்ட் என்று கலந்து கட்டினால் உலகத்தில் எங்கேயும் இல்லாத ஒரு ஏவுகணை உருவாகிவிடும். நிஜத்தில் இருந்த ஒரே ஒரு ராக்கெட்டைத் தேர்ந்தெடுத்து, அதையே பார்த்துச் செய்யுங்கள். ஒயிட் சாண்ட்ஸ் அருங்காட்சியகத்தின் திறந்தவெளியில் பழைய ஏவுகணைகளை வரிசையாக நிறுத்திவைத்திருக்கிறார்கள், ஆனஸ்ட் ஜானும் அங்கே உண்டு. நேரில் போக முடிந்தால் அளவு நாடாவை எடுத்துப்போங்கள். அனுமதி கேட்டுவிட்டுச் சுற்றளவை எடுத்து 3.1416-ஆல் வகுத்தால் விட்டம் கிடைத்துவிடும். மூக்கின் பல இடங்களில் இப்படி எடுத்த அளவுகள் எந்த வரைபடத்தையும்விட நம்பகமானவை. படம் எடுத்தால் தூரத்தில் நின்று, ஜூம் செய்து, சரியாகப் பக்கவாட்டிலிருந்து எடுங்கள். கிட்டே நின்று போனில் எடுத்த படத்தில் நடுப்பகுதி பெருத்துத் தெரியும். புடைப்பின் அளவே அதனால் பொய்யாகிவிடும். காட்சிக்கு நிற்பவை பலமுறை மறு பெயின்ட் அடிக்கப்பட்டவை என்பதால், நிறத்துக்கு மட்டும் அவற்றை நம்பாமல் அந்தக் காலத்துப் புகைப்படங்களைப் பாருங்கள்.

இப்போது வடிவத்துக்கு வருவோம். ஏவுகணை மூக்குகளில் அதிகம் காணப்படுவது ஓஜைவ் என்ற வளைவு. ஒரு பெரிய வட்டத்தின் சிறு வில்லை எடுத்து, அதை நடு அச்சைச் சுற்றிச் சுழற்றினால் வருவது. அந்த வில் உடல்குழாயோடு சேரும் இடத்தில் துளியும் மடங்காமல் வழுக்கிக்கொண்டு சேர்ந்தால் அது தொடு ஓஜைவ். அந்த வட்டத்தின் ஆரத்தைக் கண்டுபிடிப்பது எளிது. மூக்கின் அடி ஆரத்தின் வர்க்கத்தையும் நீளத்தின் வர்க்கத்தையும் கூட்டி, அடி ஆரத்தின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். உதாரணமாக அடி ஆரம் 33, நீளம் 200 மில்லிமீட்டர் என்றால் வட்டத்தின் ஆரம் சுமார் 622.6. இந்த மூக்கின் சரிபாதி நீளத்தில் ஆரம் 24.9 மில்லிமீட்டர் இருக்கும். வெறும் நேர்க்கூம்பாக இருந்தால் அதே இடத்தில் 16.5 தான். ஓஜைவ் எவ்வளவு நிறைவாக நிற்கிறது என்று இதிலேயே தெரியும்.

வட்டத்தின் ஆரத்தை மாற்றினால் வடிவமும் மாறும். 622.6-ஐவிடப் பெரிய ஆரம் எடுத்தால் மூக்கு ஒல்லியாகி, குழாயோடு சேரும் இடத்தில் ஒரு மடிப்பு விழும். சிறிய ஆரம் எடுத்தால், அது நீளத்தின் பாதியைவிடப் பெரியதாக இருக்கும்வரை, மூக்கு நடுவில் குழாயைவிடப் புடைத்து, பிறகு உள்நோக்கி வளைந்து வந்து சேரும். மேலே சொன்ன அதே மூக்குக்கு ஆரத்தை 400 என்று வைத்தால் நுனியிலிருந்து 163 மில்லிமீட்டரில் ஆரம் 34.7 ஆக உச்சத்துக்குப் போய், 200-இல் மீண்டும் 33-க்கு வரும். புடைத்த ஓஜைவ் என்றாலே ராக்கெட் ஆட்கள் உதாரணம் காட்டுவது ஆனஸ்ட் ஜானைத்தான். ஆனால் சூத்திரத்தை மட்டும் நம்பி உருவத்தை முடிக்காதீர்கள். சூத்திரத்தில் வந்த வளைவைப் படத்தின்மேல் வைத்துப் பாருங்கள், நீங்கள் எடுத்த சுற்றளவுகளோடு ஒப்பிடுங்கள், ஒத்துவராத இடத்தில் அளவுக்குத்தான் முதலிடம். வளைவு எங்கே முடிகிறது, பின்புற ஒடுக்கம் எங்கே தொடங்குகிறது என்ற கோடு ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போனாலும் இந்த ராக்கெட்டின் முகமே மாறிவிடும்.

செய்யும் முறைக்கு வருவோம். இன்று என் சிபாரிசு 3டி பிரிண்டர். ஓபன்ஸ்கேட், ஃப்ரீகேட் போன்ற இலவச மென்பொருளில் பாதிக் குறுக்குவெட்டை வரைந்து அச்சைச் சுற்றிச் சுழற்றினால் மூக்கு தயார். சுவர் 1.2 மில்லிமீட்டர் போதும். எடை எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே கணக்குப் போடலாம். விட்டம் 87, நீளம் 280 மில்லிமீட்டர் உள்ள ஓஜைவ் என்று வைத்துக்கொண்டால் மேற்பரப்பு சுமார் 510 சதுர சென்டிமீட்டர். அதை 0.12 சென்டிமீட்டர் தடிமனாலும், பிஎல்ஏ பிளாஸ்டிக்கின் அடர்த்தியான 1.24-ஆலும் பெருக்கினால் ஏறக்குறைய 75 கிராம். இதே அளவைப் பால்சா மரத்தில் உள்ளே குடையாமல் கடைந்தால், நடுத்தர மரத்திலேயே 130 கிராமைத் தாண்டும். பால்சா என்றாலே லேசு என்ற எண்ணம் சின்ன மூக்குகளுக்குத்தான் பொருந்தும். இந்த அளவில் உள்ளீடற்ற பிளாஸ்டிக்தான் லேசு.

எடை மூக்கில் கூடினால் நல்லதுதானே என்று கேட்பீர்கள். எல்லா எடையும் ஒன்றில்லை. மரமூக்கின் எடையில் பெரும்பகுதி அதன் அடிப்பக்கத்தில் இருக்கும், நமக்கு எடை வேண்டியது நுனியில். உள்ளீடற்ற மூக்கை லேசாகச் செய்துவிட்டு, வேண்டிய எடையை நுனிக்குள் வைப்பதுதான் சரியான வழி. இதன் கணக்கைப் பின்னால் சொல்கிறேன்.

பல பிரிண்டர்களின் உயரம் 250 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். எனவே மூக்கை இரண்டு துண்டாகப் பிரித்து, உள்ளே ஒரு வளையம் விட்டு எபாக்சியால் ஒட்டுங்கள். பிரிக்கும் இடத்தை உங்கள் வசதிக்கு வைக்காமல், நிஜ ராக்கெட்டில் பகுதிகள் இணையும் கோடு எங்காவது இருந்தால் அங்கேயே வையுங்கள். கோட்டை மறைக்கும் வேலை மிச்சமாகும். நுனி மேலே இருக்கும்படி நிறுத்தி அச்சிட்டால் தாங்கு கட்டைகள் வேண்டியதில்லை. நுனிக்குள் ஒரு சிறு குழாய் அறையையும் சேர்த்து வரைந்துவிடுங்கள். எஃகுக் குண்டுகளைக் கொட்டி எபாக்சி ஊற்ற அதுதான் இடம். எபாக்சியை ஒரேயடியாக ஊற்றக் கூடாது. இறுகும்போது அது சூடாகும், பிஎல்ஏ 60 டிகிரிக்குப் பக்கத்திலேயே இளகத் தொடங்கும். கொஞ்சம் ஊற்றி, ஆறவிட்டு, அப்புறம் அடுத்த கொஞ்சம். இதே காரணத்தால் பிஎல்ஏ மூக்கை வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவைக்கக் கூடாது. கோடைக்காலத்துப் பாலைவனத் திடல்களில் பறக்கவிடுகிறவர் என்றால் பிஇடிஜி அல்லது ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் அச்சிடுங்கள்.

அச்சிட்டது அப்படியே அழகாக இருக்காது. வரிவரியாக அடுக்குகள் தெரியும். கரடான உப்புத்தாளால் ஒருமுறை தேய்த்து, பட்டி பார்த்து, காய்ந்ததும் 220-ஆம் எண் தாளால் தேய்த்து, நிரப்பும் பிரைமர் அடித்து, 400-இல் முடியுங்கள். பிரைமர் அடித்ததும் அதுவரை தெரியாத பள்ளமெல்லாம் வெளியே வரும், மறுபடியும் பட்டி, மறுபடியும் தாள். பொறுமை கேட்கும் வேலைதான், குறுக்குவழி கிடையாது. தேய்க்கும்போது முகமூடி கட்டாயம்.

பிரிண்டர் இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. சின்ன மூக்கு என்றால் பால்சாப் பலகைகளை நரம்பு நீளவாக்கில் ஓடும்படி ஒட்டி, நடுவில் உருளைக் குச்சி செருகி, கை டிரில்லில் மாட்டிச் சுழற்றி, உப்புத்தாள் பட்டையால் தேய்த்தே உருவாக்கலாம். அட்டையில் பாதி வடிவத்தை வெட்டி வைத்துக்கொண்டு அவ்வப்போது பொருத்திப் பார்க்க வேண்டும். ஐந்து சென்டிமீட்டர் விட்டத்தைத் தாண்டினால் டிரில் தாங்காது, நல்ல லேத் வேண்டும். பெரிய மூக்குக்கு இன்னொரு முறை, கட்டியான நீல நுரைப்பலகையை அதே மாதிரிக் கடைந்து, மேலே கண்ணாடி இழைத்துணியை எபாக்சியில் தோய்த்துப் போர்த்துவது. பாலியஸ்டர் ரெசினைத் தொடாதீர்கள், அது நுரையைக் கரைத்துவிடும். எபாக்சி இறுகியபின் உள்ளே இருக்கும் நுரையை அசிட்டோனால் கரைத்து எடுத்துவிட்டால் முட்டை ஓடு போல லேசான, உறுதியான கூடு மிஞ்சும்.

தலைக்குப் பின்னால் வரும் ஒடுக்கத்தை அட்டையிலேயே செய்யலாம். நுனியை வெட்டிய கூம்புதான் அது. பெரிய விட்டம் 87, சிறிய விட்டம் 66, நீளம் 80 மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொண்டால், சரிவு நீளம் 80.7 வரும். காகிதத்தில் 334 மில்லிமீட்டர் ஆரத்தில் ஒரு வில், 253.6-இல் ஒரு வில், இரண்டுக்கும் ஒரே மையம், விரிகோணம் 46.8 டிகிரி. வெட்டி ஒட்டுவதற்கு ஒரு சிறு பட்டையைக் கூடுதலாக விட்டு, சுருட்டி, உள்ளே இரண்டு வளையங்கள் கொடுத்து ஒட்டினால் சரியாக உட்காரும். உங்கள் நீளம் வேறாக இருந்தால் எண்கள் மாறும், முறை இதுவே.

இனி இந்த ராக்கெட்டின் உண்மையான சிக்கலுக்கு வருவோம். ராக்கெட் நேராகப் பறக்க அதன் ஈர்ப்பு மையம், காற்றின் விசை மொத்தமும் செயல்படுவதாகக் கொள்ளும் இடமான அழுத்த மையத்துக்கு முன்னால் இருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அழுத்த மையத்தைக் கணக்கிடும் எளிய முறையை மாதிரி ராக்கெட் கட்டுபவர்களுக்குத் தந்தவர் ஜேம்ஸ் பாரோமன். 1960-களில் நாசாவின் கொடார்டு மையத்தில் வேலை பார்த்தவர். அவர் முறைப்படி, எந்த வடிவ மூக்காக இருந்தாலும், அது குழாயின் விட்டத்திலேயே முடிந்தால் அதன் காற்றுவிசை எண், அதாவது ராக்கெட் சாயும்போது அந்தப் பகுதியில் காற்று எவ்வளவு பலமாகத் தள்ளும் என்று காட்டும் எண், 2. அந்த விசை செயல்படும் இடம் நேர்க்கூம்புக்கு நுனியிலிருந்து நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கில், தொடு ஓஜைவுக்கு 0.466 பங்கில்.

ஆனஸ்ட் ஜானில் மூக்கு குழாயைவிட 1.31 மடங்கு அகலம். எண் விட்டத்தின் வர்க்கத்தோடு வளரும், அதனால் அது 2 இல்லை, 3.44. பின்னால் வரும் ஒடுக்கத்துக்கு எண் எதிர்மறை, கழித்தல் 1.44. கூட்டினால் மறுபடியும் 2 தானே, அப்புறம் என்ன பிரச்சினை என்று தோன்றும். பிரச்சினை இடத்தில் இருக்கிறது. முன்பக்கம் தூக்குகிற விசை 3.44 ஆக நுனிக்கு அருகில், கீழே இழுக்கிற 1.44 அதற்குப் பின்னால். இரண்டும் 120 மில்லிமீட்டர் இடைவெளியில் செயல்பட்டால், அவற்றின் கூட்டு விசை மூக்கின் சொந்த மையத்தைவிடச் சுமார் 86 மில்லிமீட்டர் முன்னால் விழும். புடைத்த தலை, ராக்கெட்டைத் திருப்பப் பார்க்கும் விசையை இன்னும் முன்னுக்குத் தள்ளிவைக்கிறது என்று அர்த்தம். குழாய் விட்டத்தோடு முடியும் சாதாரண மூக்கைப் போட்டுக் கணித்துவிட்டு, "ஏறக்குறைய அதுதானே" என்று விட்டுவிட்டால் பறக்கும்போது அது தலைகுப்புற உருளக்கூடும்.

ஓபன்ராக்கெட் என்ற இலவச மென்பொருள் இந்தக் கணக்கையெல்லாம் தானே போட்டுவிடும். சாம்போ நிஸ்கானென் என்ற பின்லாந்து மாணவர் முதுகலை ஆய்வுக்காக எழுதத் தொடங்கியது, இன்று உலகம் முழுக்கப் பயன்படுகிறது. மூக்கையும் ஒடுக்கத்தையும் தனித்தனிப் பகுதிகளாக உள்ளிடுங்கள். சாதாரண ராக்கெட்டுக்கு இரண்டு மையங்களுக்கும் நடுவே ஒரு விட்டம் இடைவெளி இருந்தால் போதும் என்பார்கள். இதற்கு நான் ஒன்றரை விட்டமாவது வைப்பேன், அதையும் குழாயின் 66-ஆல் அளக்காமல் தலையின் 87-ஆல் அளப்பேன். காரணம், பாரோமன் கணக்கு காற்று எல்லா இடத்திலும் உடலை ஒட்டியே வழிகிறது என்று எடுத்துக்கொள்கிறது. சரிவான ஒடுக்கத்தில் காற்று பிய்ந்துபோக வாய்ப்பு உண்டு.

எவ்வளவு எடை சேர்ப்பது? ராக்கெட் மோட்டாரோடு, பாராசூட்டோடு 400 கிராம், ஈர்ப்பு மையம் 40 மில்லிமீட்டர் முன்னால் நகர வேண்டும் என்று வையுங்கள். 400-ஐ 40-ஆல் பெருக்கி, புதிய ஈர்ப்பு மையத்திலிருந்து எடை வைக்கும் இடத்துக்கு இருக்கும் தூரத்தால் வகுக்க வேண்டும். நுனிக்குள் 350 மில்லிமீட்டர் தூரத்தில் வைத்தால் சுமார் 46 கிராம். மூக்கின் அடியில் 150 மில்லிமீட்டரில் வைத்தால் 107 கிராம். அதே பலனுக்கு இரண்டு மடங்குக்கும் மேல். நுனி அறையை முதலிலேயே வரையச் சொன்னது இதற்காகத்தான். மூக்கின் அடித்தகட்டை நிரந்தரமாக ஒட்டும் முன் முழு ராக்கெட்டையும் பெயின்ட் உட்பட முடித்து, நூலில் தொங்கவிட்டு ஈர்ப்பு மையத்தைப் பாருங்கள். இறக்கைகளுக்கு அடித்த பெயின்டும் பட்டியும் பின்பக்கத்தில் கணிசமாக எடை ஏற்றும், அதைக் காகிதக் கணக்கு சொல்லாது.

மோட்டாரில் நீண்டு பேச ஒன்றுமில்லை. ராக்கெட்டின் எடையைப்போல் ஐந்து மடங்காவது உந்துவிசை வேண்டும். 550 கிராம் என்றால் 27 நியூட்டன். மோட்டார் பெயரிலேயே அது இருக்கும், எஃப்39-6 என்றால் எஃப் வகுப்பு (எழுத்து மோட்டாரின் மொத்த உந்துதல் அளவைச் சொல்கிறது), சராசரி உந்துவிசை 39 நியூட்டன், எரிந்து முடிந்து 6 விநாடி கழித்துப் பாராசூட்டை வெளியே தள்ளும். இந்தக் கனமான, கொழுத்த ராக்கெட் அதிக உயரம் போகாது, சீக்கிரம் வேகம் இழக்கும். அதனால் தாமதம் குறைவாக உள்ள மோட்டாராக எடுங்கள், சரியான எண்ணை ஓபன்ராக்கெட் சொல்லும். 500 கிராம் எடையை விநாடிக்கு நாலரை மீட்டர் வேகத்தில் இறக்க 80 சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான பாராசூட் தேவை. மூக்கையும் உடலையும் இணைக்கும் கயிறு ராக்கெட்டின் நீளத்தைப்போல் மூன்று மடங்காவது இருக்கட்டும். கயிறு குட்டையாக இருந்தால், நுனியில் குண்டு அடைத்த அந்த மூக்கு வீசி எறியப்பட்டு, திரும்பி வந்து உங்கள் உடல்குழாயின் விளிம்பிலேயே மோதும்.

ஆனஸ்ட் ஜானை முடித்தபின் ஆசை நிற்காது, அதனால் மற்ற ஏவுகணைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சைட்வைண்டருக்கு மூக்கு மிக எளிது, நுனியில் அரைக்கோளம். ஆனால் முன்னால் இருக்கும் சின்ன இறக்கைகள் அழுத்த மையத்தை வேகமாக முன்னால் இழுக்கும், அதற்கும் நுனி எடை வேண்டும். ஜெர்மனியின் வி-2-வில் மூக்கு எங்கே முடிகிறது, உடல் எங்கே தொடங்குகிறது என்றே சொல்ல முடியாது, ஏறக்குறைய முழு உடலும் வளைவுதான். அதைக் குழாயை வைத்து எளிதாகச் செய்ய முடியாது, குட்டையான உடல் என்பதால் எடையும் நிறையக் கேட்கும். பேட்ரியட் போன்ற ஒரே சீரான குழாயும் கூர் ஓஜைவும் உள்ளவை, சொந்தமாக மூக்கு செய்து பழகுவதற்கு மிக நல்ல தொடக்கம். ஆனஸ்ட் ஜான் பயமாக இருந்தால் முதலில் அதில் கை வையுங்கள்.

விதிகளை விட்டுவிட முடியாது, குறிப்பாக ஏவுகணை மாதிரி செய்பவர்கள். இந்தப் பொழுதுபோக்கு இன்று உயிரோடு இருப்பதே பாதுகாப்பை முதலில் வைத்ததால்தான். 1950-களில் நெப்ராஸ்காவின் நார்ஃபோக் ஊரில் செருப்புக்கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல், மாற்றிப்போடக்கூடிய ஆபத்தில்லாத சிறு மோட்டாரோடு மாதிரி ராக்கெட்டைச் செய்தார். பையன்கள் வீட்டில் ராக்கெட் எரிபொருள் கலந்து காயப்படுவதைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த ஹாரி ஸ்டைனுக்கு அதை அனுப்பினார். ஸ்டைன் வேலை பார்த்தது ஆனஸ்ட் ஜான் சோதிக்கப்பட்ட அதே ஒயிட் சாண்ட்ஸில். அங்கிருந்து 1957-இல் அமெரிக்காவின் தேசிய ராக்கெட்ரி சங்கம் பிறந்தது. அதன் பாதுகாப்பு விதிகள் இன்றும் தெளிவானவை. மோட்டார் தொழிற்சாலையில் செய்ததாக மட்டும் இருக்க வேண்டும், அதைப் பிரிக்கவோ மாற்றவோ கூடாது. மூக்கு, உடல், இறக்கை எதுவும் உலோகத்தில் கூடாது, நுனிக்குள் வைக்கும் சிறு எடை வேறு விஷயம். ஏவும் எடை ஒன்றரைக் கிலோவுக்குள், எரிபொருள் 125 கிராமுக்குள். மின்சாரத்தால், பாதுகாப்புச் சாவியோடு, தூரத்தில் நின்று ஏவ வேண்டும். டி வகுப்பு வரை ஐந்து மீட்டர், அதற்கு மேல் ஒன்பது மீட்டருக்குக் குறையக் கூடாது. எந்த இலக்கையும் நோக்கி ஏவக் கூடாது, வெடிக்கும் பொருளோ எரியும் பொருளோ ஏற்றக் கூடாது. அணு ஆயுதம் சுமந்த ஒன்றின் உருவத்தைக் கையில் எடுக்கும்போது, நாம் செய்வது காகிதமும் பிளாஸ்டிக்கும் பாராசூட்டும் மட்டும்தான் என்பதில் எந்தச் சந்தேகமும் யாருக்கும் வரக் கூடாது.

இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு: அங்கே இந்த மோட்டார்கள் வெடிபொருள் சட்டங்களின் கீழ் வருபவை, கடையில் வாங்கி வைத்துக்கொள்ளும் சாமான் இல்லை. பட்டாசு மருந்தை எடுத்து நாமே மோட்டார் செய்யலாம் என்ற யோசனை எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம், கையையும் கண்ணையும் இழக்க அதைவிட நேர்வழி இல்லை. காட்சிக்கு வைக்கும் மாதிரியாக முழு அளவு நுணுக்கத்தோடு செய்யுங்கள். மூக்கில் சொன்ன அத்தனை வேலையும் அதற்கும் பொருந்தும், எடைக்கணக்கு மட்டும்தான் தேவைப்படாது.

பறக்கவிடும் நாளில் மூன்று விஷயங்களைப் பாருங்கள். முதலில், ஏவுதண்டு போதாது, தண்டவாளம் போன்ற ரயில் வேண்டும், இந்த எடைக்கு ஒன்றரை மீட்டராவது. ராக்கெட் அதை விட்டு வெளியேறும்போது விநாடிக்கு 13, 14 மீட்டர் வேகமாவது இருந்தால்தான் இறக்கைகள் வேலை செய்யத் தொடங்கும். ராக்கெட்டை ரயிலில் பிடித்துவைக்கும் ரயில் பொத்தான்களைப் புடைத்த தலைக்கு இடிக்காத உயரத்தில், சிறு கட்டை வைத்துப் பொருத்துங்கள். பலர் இதை மறந்து, திடலுக்கு வந்தபின்தான் தலை ரயிலில் உரசுவதைப் பார்க்கிறார்கள். தலை குழாயைவிட ஒரு பக்கத்துக்கு 10.5 மில்லிமீட்டர் வெளியே நிற்கிறது, கட்டை அதைவிட உயரமாக இருக்க வேண்டும். இரண்டாவது காற்று. எம்31-இன் அகன்ற இறக்கைகள் காற்றை நன்றாகப் பிடித்து ராக்கெட்டைக் காற்று வரும் பக்கம் திருப்பும். முதல் தடவை இலை அசையாத காலைப்பொழுதைத் தேர்ந்தெடுங்கள். மூன்றாவதாக, மூக்கு குழாயில் எவ்வளவு இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறது என்று சோதியுங்கள். மூக்கைப் பிடித்துத் தூக்கினால் ராக்கெட் கழன்று விழவும் கூடாது, லேசாகக் குலுக்கினால் நகராமல் இருக்கவும் கூடாது. தளர்வாக இருந்தால், குழாய்க்குள் நுழையும் தோள்பட்டைப் பகுதியில் ஒரு சுற்று மறைப்பு நாடா ஒட்டுங்கள், இறுக்கமாக இருந்தால் 400-ஆம் எண் தாளால் தேயுங்கள். ஈரமான நாளில் காகிதக் குழாய் கொஞ்சம் ஊதும், அதனால் இந்தச் சோதனையை வீட்டில் செய்துவிட்டு வந்தாலும் திடலில் இன்னொருமுறை செய்யுங்கள்.